மூடக் கூடாதது மாஜிஸ்திரேட் நீதிமன்றம்

பெருந்தொற்றுக் காலத்தில் நம் நீதிமன்றங்கள் எப்படி இயங்கின என்று கேட்டால், இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். கட்டடங்கள் பூட்டியிருந்தாலும் நீதி நிற்கவில்லை. காணொலி வழியே வழக்குகள் தொடர்ந்து நடந்தன. எனவே அடுத்த நெருக்கடிக்கு நாம் தயார் என்கிறார்கள். அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார்கள், விழா மேடைகளிலும் இது ஒலித்தது. 2020 செப்டம்பரில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, நீதிமன்றத்தை ஓர் இடமாகப் பார்ப்பதைவிட ஒரு சேவையாகப் பார்க்க வேண்டும் என்ற நோக்கை ஏற்று, தொற்று ஓய்ந்த பிறகும் மெய்நிகர் நீதிமன்றங்களைத் தொடரப் பரிந்துரைத்தது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 530-ஆவது பிரிவு, குற்ற வழக்கின் விசாரணையையே மின்னணு வழியில் நடத்தலாம் என்கிறது. ஊரடங்கு நாட்களின் அவசர ஏற்பாடு இன்று சட்டமாகவே ஆகிவிட்டது.

‘நீதி நிற்கவில்லை’ என்ற இந்தக் கூற்றை நான் மறுக்கிறேன். மேல் நீதிமன்றங்களில் வாதங்கள் நிற்கவில்லை என்பது உண்மை. கீழமை நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை நின்றது. கைதானவரை மாஜிஸ்திரேட் கண்ணால் பார்ப்பது பல இடங்களில் பெயரளவுக்குச் சுருங்கியது. ஜீவனாம்சமும் பாதுகாப்பு உத்தரவும் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு வாசல் அடைத்தது. நெருக்கடியில் எந்த நீதிமன்றம் கட்டாயம் திறந்திருக்க வேண்டுமோ அது முதலில் மூடியது. எது திரைக்கு மாறினாலும் பாதகமில்லையோ அது நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

உச்ச நீதிமன்றம் உண்மையில் என்ன சொன்னது என்பதிலிருந்து தொடங்கலாம். 2020 ஏப்ரல் 6-ஆம் தேதி, தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே தலைமையிலான அமர்வு, அரசமைப்பின் 142-ஆவது பிரிவின்கீழ் காணொலி விசாரணைக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. உயர் நீதிமன்றங்கள் உரிய விதிகளை இயற்றும்வரை காணொலியை முக்கியமாக வாதங்களைக் கேட்கவே பயன்படுத்த வேண்டும் என்றது அந்த உத்தரவு. இரு தரப்பும் சம்மதித்தால் ஒழிய சாட்சியத்தைக் காணொலியில் பதியக் கூடாது. நேரில் பதிவது அவசியமானால் இடைவெளி விட்டு நீதிமன்ற அறையிலேயே பதியலாம். வசதி இல்லாத வழக்காடிகளுக்கு நீதிமன்றமே காணொலி வசதி செய்து தர வேண்டும் என்றும் அது சொன்னது. திரையின் எல்லை எது என்பது உச்ச நீதிமன்றத்துக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தது. காணொலியைக் கொண்டாடுபவர்கள்தான் அந்த எல்லையை மறந்துவிட்டார்கள்.

நாடு முழுவதும் காணொலியில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட விசாரணைகள் நடந்தன என்று அரசு கணக்குக் காட்டுகிறது. எண்ணிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றில் எத்தனை வழக்குகளில் சாட்சி கூண்டேறினார், எத்தனை வழக்குகளில் தீர்ப்பு வந்தது, எத்தனை வெறும் வாய்தாவோடு முடிந்தன என்பதை அந்த எண் சொல்வதில்லை. வேறு இரண்டு கணக்குகள் அதைச் சொல்கின்றன. 2020 தொடக்கத்தில் கீழமை நீதிமன்றங்களில் ஏறத்தாழ 3.2 கோடியாக இருந்த நிலுவை வழக்குகள், இரண்டே ஆண்டுகளில் 4 கோடியைத் தாண்டின. சிறைக் கணக்கு இதைவிடக் கொடியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி, 2019 இறுதியில் இந்தியச் சிறைகளில் 3,30,487 விசாரணைக் கைதிகள் இருந்தார்கள். 2020 இறுதியில் அது 3,71,848 ஆனது. 2021 இறுதியில் 4,27,165. அதே 2020-இல் தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கை 1,44,125-இலிருந்து 1,12,589 ஆகக் குறைந்தது.

இந்தக் குறைவில் ஒரு பகுதி பரோலில் விட்டதால் வந்தது. சிறை நெரிசலில் நோய் பரவும் என்று அஞ்சிய உச்ச நீதிமன்றம், 2020 மார்ச் 23-ஆம் தேதி, மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைத்துக் கைதிகளை இடைக்கால ஜாமீனிலும் பரோலிலும் விடப் பரிசீலிக்கச் சொன்னது. போற்ற வேண்டிய உத்தரவு அது. அப்படி விடச் சொன்ன பிறகும் விசாரணைக் கைதிகள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்றால் என்ன பொருள்? காவல் நிலையத்திலிருந்து சிறைக்குப் போகும் கதவு அகலத் திறந்திருந்தது. சிறையிலிருந்து விசாரணை வழியாக வெளியே வரும் கதவு அடைத்துக்கிடந்தது. ஒருநாள்கூட நிற்காத நீதித்துறையில் இது நடந்திருக்கக் கூடாது.

கீழமை நீதிமன்றம் எதற்காக இருக்கிறது என்பதை, அங்கே ஒரு முற்பகல் உட்கார்ந்து பார்த்த எவரும் அறிவார். டவாலி வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறார். முதல் பஸ்ஸைப் பிடித்து ஊரிலிருந்து வந்த சாட்சி கூண்டில் ஏறுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, ‘இது உங்க கையெழுத்துதானே?’ என்கிறார். சாட்சி தாளைப் பார்ப்பதற்கு முன்னால், சுவரோரம் நிற்கும் பங்காளியைப் பார்க்கிறார். அந்த ஒரு நொடிப் பார்வை நீதிபதியின் கண்ணில் படுகிறது. சாட்சி நடந்துகொள்ளும் விதம் குறித்து நீதிபதி குறிப்பெழுதலாம் என்று நம் நடைமுறைச் சட்டங்கள் வெகு காலமாகச் சொல்லிவருவது இதற்காகத்தான். செல்போன் கேமரா முகத்தை மட்டுமே காட்டும். முகத்துக்குப் பின்னால் நின்று தலையசைப்பவரை அது காட்டாது.

சாட்சிக்கே இப்படி என்றால், காவலில் இருப்பவரின் கதி என்ன? திரையில் தெரிகிற கைதி எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், கேமராவைப் பிடித்திருப்பவர் யார் என்பது மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாது. ‘யாராவது அடித்தார்களா?’ என்று அவர் கேட்டால், அடித்தவர் பக்கத்தில் நிற்க, ‘இல்லைங்கய்யா’ என்றுதான் பதில் வரும். இணைய வேகம் பத்து மடங்கு கூடினாலும் இந்தக் குறை தீராது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆவது பிரிவு சொல்வது, போலீஸார் இல்லாத ஒரு வெளியில், போலீஸார் அல்லாத ஓர் அதிகாரியின் கண், அந்த உடம்பின் மேல் ஒருமுறையாவது பட வேண்டும் என்பதற்காக.

2020-இல் தமிழகத்தில் காவல் துறை ஒருநாளும் ஓயவில்லை. ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகளே லட்சக்கணக்கில் குவிந்தன. 2021 பிப்ரவரியில், சுமார் 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. கடை திறந்தவர், முகக்கவசம் இல்லாமல் நின்றவர், மருந்து வாங்கப் போனவர் என யார் வேண்டுமானாலும் காவல் நிலைய வாசலில் நிற்க நேர்ந்த காலம் அது. அரசின் அதிகாரம் குடிமகன் மேல் முன்னெப்போதையும்விடக் கனமாக இறங்கிய அதே நாட்களில், அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் முதல் படியாகிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாம் அத்தியாவசியப் பணிகளின் பட்டியலில் முன்னே வைக்கவில்லை. டாஸ்மாக் கடைகளை 2020 மே 7-ஆம் தேதியே திறக்க வழி கண்ட நிர்வாகம், தாலுகா நீதிமன்றத்தில் சாட்சி விசாரிக்க வழி காணவில்லை.

இதன் விளைவை மதுரை மாவட்டத்தின் ஒரு வழக்கு காட்டியது. குற்றப்பத்திரிகையை 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸார் தாக்கல் செய்யாவிட்டால், கைதானவருக்கு ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். இது சட்டம் தந்த உரிமை. நீதிபதியின் தயவு இதில் தேவையில்லை. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்புகளை மார்ச் 15 முதல் நீட்டித்து உத்தரவிட்டது. வழக்காடிகளின் நன்மைக்காக வந்த அந்த உத்தரவைக் கையிலெடுத்து, குற்றப்பத்திரிகைக்கான எங்கள் காலமும் நீண்டுவிட்டது என்றது காவல் தரப்பு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி மே 8-ஆம் தேதி அதை ஏற்க மறுத்தார். சில நாட்களுக்குள் அதே கிளையில் இன்னொரு தனி நீதிபதி அதை ஏற்று ஜாமீனை மறுத்தார். சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் கைதான காசி என்பவர் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியதாயிற்று. ஜூன் 19-ஆம் தேதி நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர்.ஷா, வி.ராமசுப்பிரமணியன் அமர்வு, போலீஸாரின் கெடு ஒருநாளும் நீளவில்லை, ஊரடங்கை நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்குச் சமமாகக் கருதுவது தவறு என்று தீர்ப்பளித்து அவரை ஜாமீனில் விட்டது.

காணொலியை ஆதரிப்பவர்கள், அந்தத் தீர்ப்பும் ஊரடங்கில் வந்ததுதானே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால், டெல்லிவரை போக முடிந்தவருக்குக் கிடைத்த விடுதலை அது. போக முடியாதவர்களுக்குத் தாலுகாவிலேயே அது கிடைத்திருக்க வேண்டும். காலவரம்பு நீட்டிப்பும் அப்படியே. வழக்குப் போடக் காத்திருக்க முடிந்தவருக்கு அது பெரிய வரம். மாதம் மூவாயிரம் ரூபாய் ஜீவனாம்சத்தைக் கணவன் நிறுத்திவிட்டதால் அரிசிக்குக் கடன் கேட்டு நிற்பவளுக்கு, மனுத் தாக்கல் செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது என்ற செய்தியால் என்ன பயன்? ஊரடங்கின் முதல் வாரங்களிலேயே குடும்ப வன்முறைப் புகார்கள் கூடிவிட்டதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொல்லி, வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. வாட்ஸ்அப்பில் புகார் கொடுக்கலாம். அடிக்கிறவனை வீட்டிலிருந்து வெளியேற்றும் உத்தரவை மாஜிஸ்திரேட்தான் போட வேண்டும். அடிக்கிறவன் அடுத்த அறையில் இருக்கும்போது, அந்த வீட்டின் ஒரே செல்போனில், எந்தப் பெண் விசாரணைக்கு ‘லாக்-இன்’ செய்வாள்?

காசி வழக்கில் தீர்ப்பு வந்த அதே ஜூன் 19-ஆம் தேதி மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்பவரைப் போலீஸார் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளேயே வைக்கப்பட்டார். மறுநாள் இருவரும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். மாஜிஸ்திரேட் தம் வீட்டு மாடியில் நின்றபடி, கிட்டே வந்து பார்க்காமலே, கையசைத்து ரிமாண்ட் செய்தார் என்று அப்போது நாடெங்கும் செய்தி வெளியானது. ஜூன் 22 இரவு மகனும், 23 அதிகாலை தந்தையும் இறந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் மையம். மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என்.பிரகாஷும் பி.புகழேந்தியும் வழக்கைத் தாமாக எடுத்தார்கள். அவர்கள் காணொலியில் விசாரித்ததோடு நிற்கவில்லை. கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை நேரில் அனுப்பினார்கள். அவர் அந்தக் காவல் நிலையத்துக்குள் நடந்து போனார். அவமதிப்பையும் மிரட்டலையும் சந்தித்தார். இரவு முழுக்க அடி விழுந்ததையும், லத்திகளிலும் மேஜையிலும் இரத்தக் கறை இருந்ததையும் ஒரு பெண் தலைமைக் காவலர் அவரிடம் வாக்குமூலமாகச் சொன்னார். தடயங்களைக் காக்க, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாஜிஸ்திரேட் கிட்டே வந்து பார்த்திருந்தால் அந்தத் தந்தையும் மகனும் சிறைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். இன்னொரு மாஜிஸ்திரேட் நேரில் போனதால் உண்மை வெளியே வந்தது. இரண்டும் நடந்தது ஒரே ஊரடங்கில், ஒரே மாவட்டத்தில். நீதிமன்றம் ஒரு சேவை மட்டுமே, இடம் முக்கியமில்லை என்று இனி யாரும் சொல்வதாக இருந்தால், சாத்தான்குளத்துக்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

இந்தப் பாடத்தை நம் விதிகள் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு வகுத்த மாதிரிக் காணொலி விதிகள், முதல் ரிமாண்டைக் காணொலியில் செய்யக் கூடாது என்கின்றன. அதோடு நில்லாமல், விதிவிலக்கான சூழலில், காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் செய்யலாம் என்றும் சேர்க்கின்றன. பெருந்தொற்றில் எல்லா நாளும் விதிவிலக்கான நாள்தான். எந்தக் காலத்துக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அந்தக் காலத்திலேயே அதைத் தளர்த்த இந்த விதி இடம் தருகிறது.

மறுதரப்பின் வலுவான வாதம் உயிர்ப் பயம். நெரிசலான வளாகங்களில் நீதிபதிகளும் ஊழியர்களும் வழக்கறிஞர்களும் நோய்க்கு ஆளாகியிருப்பார்கள் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. நம் வளாகங்களின் நெரிசலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி இதே தமிழகத்தில் 88 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளில் மக்கள் நேரில் வாக்களித்தார்கள். கையுறை கொடுத்தார்கள், வரிசையில் இடைவெளி விட்டார்கள், தொற்று உள்ளவர்களுக்குக் கடைசி ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்கள். வாக்குரிமைக்கு நேரில் ஏற்பாடு செய்ய முடிந்த அரசால், காவலில் இருப்பவரின் உயிருரிமைக்கும் செய்ய முடியும். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் ஜூரி விசாரணைகளை நிறுத்தினார்கள். மே மாதமே மீண்டும் தொடங்கினார்கள். இடம் போதாதபோது ‘நைட்டிங்கேல் நீதிமன்றங்கள்’ என்ற பெயரில் சால்ஃபோர்டின் நாடக அரங்கையும் பீட்டர்பரோவின் தேவாலயத்தையும்கூடத் தற்காலிக நீதிமன்றங்களாக்கினார்கள். அங்கும் நிலுவை பெருகியது. ஆனாலும் திரையில் நடத்த முடியாத விசாரணைக்கு இடம் தேட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நம் ஊரில் அந்த மாதங்களில் பள்ளிகளும் கல்லூரிகளும் கல்யாண மண்டபங்களும் காலியாகக் கிடந்தன. சிகிச்சை மையங்களாக அவற்றில் பலவற்றை மாற்றத் தெரிந்த நமக்கு, நாலு மேஜை போட்டுச் சாட்சி விசாரிக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது வாதம் செலவும் அலைச்சலும். நாகர்கோவிலில் இருக்கும் வழக்கறிஞர் டெல்லிக்கு ரயில் ஏறாமல் உச்ச நீதிமன்றத்தில் வாதாட முடிகிறது. வாய்தா கேட்பதற்காக ஒருவர் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மேல்முறையீடு, ரிட் மனு, நிறுவனங்களுக்கு இடையிலான வணிக வழக்கு, ஜாமீன் மனு மீதான வாதம் எல்லாம் திரையில் தாராளமாக நடக்கட்டும். ஆனால் ஜாமீன் கிடைப்பது வேறு, சிறைக்கு வெளியே வருவது வேறு. உயர் நீதிமன்றம் காணொலியில் ஜாமீன் கொடுத்த பிறகு, இரண்டு ஜாமீன்தாரர்கள் ரேஷன் கார்டோடும் வி.ஏ.ஓ. சான்றோடும் சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் கையெழுத்துப் போட வேண்டும். பஸ் ஓடாத, நீதிமன்றம் திறக்காத நாட்களில் அந்தக் கையெழுத்து எங்கே விழும்? சொந்தப் பிணையில் சிறைக் கண்காணிப்பாளர் முன்பாகவே கையெழுத்துப் போட்டு வெளியே வரலாம், ஜாமீன்தாரர்களைப் பிறகு காட்டலாம் என்று சில உத்தரவுகளில் நீதிபதிகள் வழி சொன்னார்கள். அடிமட்டத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்ததால் வந்த உத்தரவுகள் அவை. அந்த யோசனை பொது விதியாகியிருக்க வேண்டும்.

சட்ட உதவியும் இதே போலத்தான். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. முதல்முறை ஆஜர்படுத்தும்போதே அந்த உரிமையை மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2012-இல் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. ஆனால் ஊரடங்கில் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வதே போராட்டமாக இருந்தது. மும்பையில் புறநகர் ரயிலில் ஏறுவதற்கே வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. வக்கீல் குமாஸ்தா, தட்டச்சர், முத்திரைத்தாள் விற்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று ஏழை வழக்காடியை நீதிமன்றத்தோடு இணைக்கும் ஆட்கள் வருமானம் இழந்து சிதறினார்கள். ஆஸ்பத்திரியில் அவசரச் சிகிச்சைப் பிரிவைப் பூட்டிவிட்டு, தொலைபேசியில் ஆலோசனை தருகிறோம், சேவை தடைபடவில்லை என்று சொன்னால் நாம் ஒப்புவோமா?

ஆகவே அடுத்த தொற்றோ பெருவெள்ளமோ வருவதற்கு முன்பே சில முடிவுகளை எழுத்தில் எடுத்தாக வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வெளியிடும் ஒவ்வொரு ஊரடங்கு ஆணையிலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அத்தியாவசியப் பணியாக முதல் வரிசையில் இடம்பெற வேண்டும். அதன் நீதிபதிக்கும் ஊழியருக்கும் மருத்துவப் பணியாளருக்கு நிகரான பாதுகாப்பும் தடுப்பூசி முன்னுரிமையும் வேண்டும். முதல் ரிமாண்ட் நேரில்தான், விதிவிலக்கு கிடையாது. மாஜிஸ்திரேட் அருகில் வந்து, போலீஸாரை வெளியே நிறுத்திவிட்டு, காயம் உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். காவலில் இருப்பவர்களின் வழக்குகளுக்கு மண்டபங்களிலாவது சாட்சி விசாரணை தொடர வேண்டும். ஜீவனாம்சம், குடும்ப வன்முறை மனுக்களுக்குத் தாலுகாதோறும் தினமும் ஓர் அமர்வு வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞருக்கும் குமாஸ்தாவுக்கும் முதல் நாளிலேயே பயண அனுமதி வேண்டும். காலவரம்பை நீட்டிக்கும் எந்த உத்தரவும் அரசுக்கும் காவல் துறைக்கும் பொருந்தாது என்று அதன் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

7,210 கோடியில் இவற்றுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது முடியாத காரியமில்லை. நீதித்துறை நெருக்கடியில் நின்றதா நடந்ததா என்பதைத் திரையில் எத்தனை வழக்குகள் அழைக்கப்பட்டன என்று எண்ணிச் சொல்லாதீர்கள். கைதானவர்களில் எத்தனை பேரை 24 மணி நேரத்துக்குள் ஒரு மாஜிஸ்திரேட் நேரில் பார்த்தார், சிறையில் இருந்தவர்களில் எத்தனை பேரின் வழக்கு முடிந்தது, உத்தரவு கேட்டு வந்த பெண்களில் எத்தனை பேர் அதே வாரத்தில் உத்தரவோடு திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கில் 2020-இல் நாம் தோற்றோம். தோற்றதை வெற்றி என்று எழுதி வைத்தால் அடுத்த முறையும் தோற்போம். அதற்கான விலையை மறுபடியும் ஏதோ ஒரு காவல் நிலையத்துக்குள் ஏதோ ஒரு குடும்பம்தான் கொடுக்கும்.